காட்டோர மின்லைனுக்கு வெறுங்கம்பியா, உறைக்கம்பியா?

சத்தியமங்கலம், ஆனைகட்டி அடிவாரங்களில் மாசி முதல் சித்திரை வரை புல்லும் உண்ணிச்செடியும் காய்ந்து கிடக்கும். தொய்ந்த 11 கிலோவோல்ட் வெறுங்கம்பிகள் காற்றில் உரசினால் உருகிய அலுமினியத் துளி விழும். தீப்பிடிக்க அது போதும். வெறுங்கம்பியையே வைத்துக்கொண்டு கிளை வெட்டுவது மலிவுதான். ஆனால் மூங்கில் ஒரே மழைக்காலத்தில் கம்பியை எட்டிவிடும், வருடந்தோறும் வெட்ட வேண்டும், தொய்வையும் இழுத்துக் கட்ட வேண்டும்.

உறைக்கம்பி, அதாவது மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, உரசினாலும் பொறி வராது. எடை அதிகம், கம்பங்கள் நெருக்கமாக வேண்டும், செலவும் கூடும். கிளை மாதக்கணக்கில் தேய்த்தால் உறை கிழியும். ஜம்பரையும் (கம்பிகளை இணைக்கும் துண்டுக்கம்பி) டிரான்ஸ்பார்மர் முனைகளையும் மூடாமல் விட்டால் மயில் உட்கார்ந்து இரண்டு முனைகளைத் தொட்டாலே போதும், பொறி கிளம்பிவிடும்! உறைக்கம்பி அறுந்து விழுந்தால், பழுதைக் கண்டு மின்சாரத்தை நிறுத்த வைக்கும் ரிலே அதை உணராமலும் போகலாம்.

காட்டோரத்துக்கு மட்டும் உறைக்கம்பி போடலாம். எதுவானாலும், கோடையில் ட்ரிப் ஆன (பழுதால் தானாக நின்ற) லைனை நடந்து பார்க்காமல் மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது மின்சாரம் விடக் கூடாது.