ஹெல்மெட் தகடா, தொப்பிச் சின்னமா?

பிரிட்டிஷ் காலாட்படைச் சின்னங்களைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றின் பக்கம் போகிறார்கள். 1878இல் அறிமுகமான நீலத்துணி ஹெல்மெட்டின் முகப்பை அலங்கரித்த நட்சத்திரத் தகடு ஒன்று. 1890களின் இறுதி முதல் சாதாரண வீரர்களின் தொப்பியில் ஏறிய சிறு சின்னம் மற்றொன்று. இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, தகடுகளை விற்றுத் தொப்பிச் சின்னங்களோடு நின்றுவிட்டவன் நான்.

அழகில் தகடே முந்தும், விலையிலும் அப்படியே. என்னை மாற்றியது மறுவிற்பனை. 1881க்குப் பிந்தைய சாதாரண வீரரின் தகட்டில் கிரீடமும் நட்சத்திரமும் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பொதுவானவை. பிரிவின் பெயரும் சின்னமும் தாங்கிய நடுவட்டம் மட்டும் தனியாகப் பொருத்தப்பட்டது. ஆகவே எளிதில் கிடைக்கும் ஒரு நட்சத்திரத்தில் அரிய பிரிவின் நடுவட்டத்தை மாட்டிவிட்டால், இரண்டு பாகங்களும் அசலாக இருந்தும் முழுப்பொருள் பொய்யாகிவிடும். நான் வாங்கிய டார்செட்ஷயர் படைப்பிரிவின் தகட்டில் நட்சத்திரத்தின் பின்புறம் கறுத்திருக்க, வட்டத்தின் பின்புறம் மட்டும் வெளிறியிருந்ததை, என்னிடம் அதை வாங்க வந்தவர்தான் சுட்டிக்காட்டினார். பாதி விலைக்குத்தான் போயிற்று.

தொப்பிச் சின்னத்திலும் போலிகள் ஏராளம். மதராஸ், பம்பாய் ஃப்யூசிலியர் படைகளை இணைத்து 1881இல் உருவாகி 1922இல் கலைக்கப்பட்ட ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸின் சின்னம், பித்தளைக் கையெறிகுண்டின் மேல் வெள்ளை உலோகப் புலியும் யானையும் கொண்டது. பலரும் தேடுவதால் பிற்காலத்தில் மீண்டும் அடித்த பிரதிகளும் சந்தையில் மலிந்திருக்கின்றன. ஆயினும் அதை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தே ஓரளவு கணித்துவிடலாம்: முன்பக்க உருவம் பின்பக்கத்தில் குழிவாகத் தெளிந்திருக்க வேண்டும், எழுத்தின் விளிம்புகள் கூர்மையாக நிற்க வேண்டும், நாள்தோறும் துலக்கியதால் மேடுகள் மட்டுமே தேய்ந்திருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: 1916இல் சிக்கனம் கருதிப் பல சின்னங்களை முழுப் பித்தளையிலேயே அடித்தார்கள், வெள்ளை உலோகம் இல்லை என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்கிவிடக் கூடாது. அதிகாரிகளின் வெள்ளிச் சின்னங்களை நான் அதிகம் கையாண்டதில்லை. அவற்றுக்கு இந்தச் சோதனைகள் போதும் என்று உறுதி கூறமாட்டேன்.

பராமரிப்பில் பெரிய வேறுபாடில்லை. இரண்டிலுமே பிராஸோ என்ற உலோகத் துலக்கியை மறந்துவிடுவது நல்லது. ஏனெனில் மேற்பரப்பின் பழுப்பு போய்விட்டால் வயதைக் காட்டும் சாட்சியும் போய்விடும். தகடு வாங்கியே தீருவேன் என்பவர், பணம் கொடுக்குமுன் நட்சத்திரத்தின் பின்புறத்தையும் நடுவட்டத்தின் பின்புறத்தையும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லட்டும்.