மூஸ் ஃபாக்டரியா, சர்ச்சிலா?

பீவர் என்னும் விலங்கின் தோலுக்காக ஹட்சன் பே கம்பெனி என்ற ஆங்கிலேய வணிக நிறுவனம் கடை விரித்த கனடாவின் வடகரையில், இன்றும் பயணிகள் தேடிப்போகும் பழைய நிலையங்களில் முக்கியமானவை மூன்று: யார்க் ஃபாக்டரி, மூஸ் ஃபாக்டரி, சர்ச்சில். ஃபாக்டரி என்றால் இங்கே தொழிற்சாலை அல்ல, வணிக நிலையம். அவற்றில் யார்க் ஃபாக்டரியை உடனே கழித்துவிடலாம். 1957இல் கம்பெனி மூடிய பிறகு அங்கே ஊர் என்று ஒன்றில்லை. வாடகை விமானத்தில் போக வேண்டும். இல்லையென்றால் ஹேய்ஸ் ஆற்றில் நாள்கணக்கில் துடுப்புப் போட வேண்டும். உறைமண்ணின் மேல் நிற்கும் 1830களின் மாபெரும் மரக்கிடங்கைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆசை வேறு, சேமிப்பு வேறு.

மீதி இரண்டில் நான் தேர்ந்தெடுத்துப் போனது மூஸ் ஃபாக்டரி. சர்ச்சிலைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் திட்டம் போட்டபோது விசாரித்துத் தெரிந்துகொண்டவை.

இரண்டு ஊருக்கும் சாலை கிடையாது, ரயில்தான். வின்னிபெக்கிலிருந்து சர்ச்சில் சுமார் 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். மூஸ் ஃபாக்டரி ஓர் ஆற்றுத் தீவு; ரயில் எதிர்க்கரையிலுள்ள மூசனீ வரைதான். ஒன்டாரியோ மாகாணத்தின் காக்ரேனிலிருந்து மூசனீ சுமார் 300 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பிறகு தீவுக்குப் படகு. செலவுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். மூசனீ ரயிலின் பெயர் போலார் பேர் எக்ஸ்பிரஸ். பனிக்கரடியை ஜன்னலில் தேடாதீர்கள். காக்ரேனில் நிற்கும் பெரிய சிலையோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் காட்டுக்கு நடுவே ரயிலை நிறுத்தி, படகும் மூட்டையுமாக ஆட்கள் இறங்கிப் போவதைப் பார்க்கலாம்.

கட்டிடக் கம்பீரத்தில் சர்ச்சிலுக்கே முதலிடம், இதில் வாதமில்லை. அங்குள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டை 1731இல் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கட்டப்பட்ட கல் கோட்டை. 1782இல் பிரெஞ்சுத் தளபதி லா பெரூஸ் கப்பல்களோடு வந்து நின்றபோது, ஆளுநர் சாமுவேல் ஹெர்ன் ஒரு குண்டுகூடச் சுடாமல் அதை ஒப்படைத்துவிட்டார். போதிய ஆளில்லாத கோட்டையில் அவர் வேறென்ன செய்திருக்க முடியும்? கோடையில் ஆற்றில் பெலூகா திமிங்கிலங்களும் வரும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: தங்குமிடத்துக்கும் பார்க்க வந்த இடத்துக்கும் நடுவிலுள்ள கடைசித் தூரம். சர்ச்சில் கோட்டை ஊருக்குள் இல்லை, ஆற்றின் அக்கரையில் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் படகு விடுகிறார்கள். அதுவும் ஓதமும் காற்றும் இடம் கொடுத்தால்தான். கரடிக்குப் பயந்து துப்பாக்கியோடு காவலர் கூடவே வருவார். காற்று கிளம்பிவிட்டால் அன்றைய பயணம் ரத்து. வின்னிபெக் ரயிலோ வாரத்துக்கு இரண்டுதான். இத்தனை தூரம் போய் அக்கரைக் கோட்டையைத் தொலைநோக்கியில் பார்த்துத் திரும்பினால் மனம் ஆறுமா? கரடிகள் கூடும் அக்டோபர், நவம்பரில் போகலாமே என்பீர்கள். அப்போது கோட்டைக்குப் படகே இல்லை. கரடியும் கோட்டையும் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்று எண்ணிப் பணம் கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூஸ் ஃபாக்டரியில் இந்தத் தொல்லை இல்லை. தீவில் கால் வைத்ததுமே பார்க்க வந்த இடத்தில் நிற்கிறீர்கள். மூசனீ துறையில் நீளமான மரப் படகுகள், பின்னால் மோட்டார். அவைதான் டாக்ஸி. மளிகைப் பெட்டிகளுக்கு நடுவே பலகையில் உட்கார்ந்தால், தேயிலைச் சாறு நிறத்தில் ஓடும் ஆறு கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

1673இல் கம்பெனி அமைத்த நிலையம் இது. ஒன்டாரியோவின் முதல் ஆங்கிலக் குடியேற்றம். 1686இல் மான்ட்ரியலிலிருந்து காட்டுவழியே வந்த பிரெஞ்சுப் படை இதைப் பிடித்தது. இன்று நிற்பவை பிற்காலத்தவை: 1840களின் இறுதியில் எழுந்த ஊழியர் விடுதி, கொல்லன் பட்டறை, பழைய கல்லறைகள். புனித தாமஸ் தேவாலயத்தின் கதைதான் எனக்குப் பிடித்தது. வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து ஆறு பெருகும்போது மரக் கட்டிடம் மிதந்து போய்விடாமலிருக்க, தரையில் துளைகள் போட்டு மரக்கட்டையால் அடைத்து வைத்தார்கள். வெள்ளம் வந்தால் அடைப்பை எடுத்துவிடுவார்கள்; தண்ணீர் உள்ளே ஏறும், கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட, இது காட்சிக்கு வைத்த ஊரல்ல. மூஸ் கிரீ என்ற பூர்வகுடி மக்கள் வாழும் ஊர். தோலைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் வழிவந்தவர்களே இங்கே தங்குமிடம் நடத்துகிறார்கள், படகு ஓட்டுகிறார்கள். பழைய கட்டிடத்தின் கதவு பூட்டியிருந்தாலும் பேச்சுக்கு ஆள் உண்டு. கதவு பூட்டியிருக்கவும் கூடும், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நான் பார்த்தது கோடையை மட்டுமே. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டிகள் ஓடுமாம். அந்த அனுபவம் எனக்கில்லை. ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் படகும் ஓடாது, வண்டியும் ஓடாது, ஹெலிகாப்டர்தான். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கொசுவைப் பொறுத்தவரை இரண்டு ஊரும் சமம்.

காலை ரயிலில் போய் அன்று மாலையே திரும்பவும் வழி இருக்கிறது. மூசனீயில் கிடைக்கும் மூன்று மணி நேரத்தில் படகில் போய்வரவே பாதி கரைந்துவிடும். ஓர் இரவாவது தீவில் தங்குங்கள். அறையை முன்பதிவு செய்துவிட்டு ரயில் டிக்கெட்டை எடுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள்.