வயலட் பேனாவுக்காக மூன்று நடை: பெங்களூரு பட்டதாரிகள் தொகுதித் தேர்தல், என் ரிவ்யூ

மிக்ஸிக்கும் மெஸ்ஸுக்கும் பக்கம் பக்கமாக ரிவ்யூ எழுதுகிறோம். ஓட்டுப் போட்டுவிட்டு வந்தால் மட்டும் விரலை போட்டோ எடுத்துப் போட்டுவிட்டு முடித்துக்கொள்கிறோம். அதுவும் நம் வரிப்பணத்தில் நடக்கிற ஒரு சேவைதானே? அதனால் எழுதுகிறேன். 2024 ஜூன் 3-ஆம் தேதி, சட்டமன்றத்தின் இரண்டாவது சபையான கர்நாடக சட்ட மேலவைக்கு, டிகிரி வாங்கியவர்கள் மட்டும் ஓட்டுப் போடுகிற பெங்களூரு பட்டதாரிகள் தொகுதியில் ஓட்டுப் போட்டேன். ஐந்துக்கு மூன்று ஸ்டார். சாவடிக்கு உள்ளே நடந்ததற்கு ஐந்து, உள்ளே போய்ச் சேர்வதற்கு ஒன்று. ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள், சராசரி போட்டுவிட்டேன்.

எனக்கு ஊர் ஆம்பூர். 2006-ல் கல்யாணமாகி பெங்களூரு வந்தேன். மேலவை என்ற வார்த்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், காரணம் அப்பா. உயர்நிலைப் பள்ளி வாத்தியார். ஆசிரியர் தொகுதியில் மேல்சபைக்கு ஓட்டுப் போட்ட கதையைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பார். நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, 1986-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் மேலவையே கலைக்கப்பட்டுவிட்டது. ராஜாஜி 1952-ல் முதலமைச்சரானதும் அண்ணா முதலமைச்சராக இருந்ததும் மேலவை உறுப்பினராகத்தான். அப்பேர்ப்பட்ட சபை போன பிறகு அப்பாவிடம் மிஞ்சியது அந்தக் கதை மட்டும். 2010-ல் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, நாடாளுமன்றத்தில் சட்டமும் வந்து, திரும்ப வரப்போகிறது என்று சந்தோஷப்பட்டார். அடுத்த வருடம் ஆட்சி மாறியது, அதோடு சரி.

இப்போது நாட்டில் ஆறு மாநிலங்களில்தான் மேலவை உண்டு. அதில் ஒன்றில் நான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். கர்நாடகத்தில் 75 இடம். 25 பேரை எம்.எல்.ஏ.க்களும், 25 பேரை உள்ளாட்சி உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கிறார்கள், 11 பேர் நியமனம். மிச்சமுள்ள 14-ல் ஏழு ஆசிரியர்களுக்கு, ஏழு பட்டதாரிகளுக்கு. அந்த ஏழில் ஒன்று பெங்களூரு நகரம், ஊரகம், ராமநகரம் (2025-ல் பெங்களூரு தெற்கு என்று பெயர் மாறியது) மாவட்டங்களைச் சேர்த்த எங்கள் தொகுதி. கன்னடத்தில் பதவீதர க்ஷேத்ரா என்பார்கள். பதவி என்றால் அங்கே பட்டம். தமிழ்க் காதுக்கு ஏதோ நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் தொகுதி போலக் கேட்கும். கட்சிக்காரர்கள் கேட்டால் அதுவும் சரிதான் என்பார்கள்.

இனி அந்த ஒரு ஸ்டார் விஷயம். லோக்சபாவுக்கு ஓட்டர் ஐடி இருந்தால் இதற்கும் போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பட்டியலே தனி. போன தேர்தலில் பெயர் இருந்தது என்பதும் செல்லாது. ஒவ்வொரு முறையும் பட்டியலை அடியிலிருந்து புதிதாகத் தயாரிக்கிறார்கள். நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் டிகிரி வாங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும், தொகுதியில் குடியிருக்க வேண்டும், படிவம் 18 நிரப்ப வேண்டும், சான்றொப்பம் இட்ட பட்டச் சான்றிதழ் நகல் வைக்க வேண்டும். அக்டோபர் 1-ல் அறிவிப்பு, நவம்பர் 6-க்குள் மனு. இதை எனக்குச் சொன்னது அரசாங்கம் இல்லை. எங்கள் தெருவில் படிவக் கட்டோடு சுற்றிய ஒரு வேட்பாளரின் ஆள். "நீங்க கையெழுத்து போடுங்க மேடம், மிச்சம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொடுக்கும் மனுக்களை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டில் ஒருவர் குடும்பத்தாருக்காகக் கொடுக்கலாம், ஒரு நிறுவனத்தின் தலைவர் தன் ஊழியர்களுக்காகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். நானே போகிறேன் என்று படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

முதல் நடை. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. என் பி.காம் 2001, சென்னைப் பல்கலைக்கழகம். சான்றிதழில் அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் என் பெயர். ஆதாரிலும் ஓட்டர் ஐடியிலும் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது யாரு?" "நான்தான்." "அது யாரு?" "அதுவும் நான்தான்." கர்நாடகத்தில் இனிஷியல் தெரியாதவர்கள் இல்லை, ஆனாலும் அன்று அவருக்கு அது புரியவில்லை. கல்யாணப் பதிவுச் சான்றிதழோடு வரச் சொன்னார்.

இரண்டாம் நடைக்கு அதையும் எடுத்துப் போனேன். ஜெராக்ஸில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லை என்றார்கள். ஒரிஜினலே கையில் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரிஜினலைப் பார்ப்பது அவர் வேலை இல்லையாம். தெரிந்தவர்கள் மூலம் ஒரு அரசுக் கல்லூரி முதல்வரைப் பிடித்து, நான்கு பிரதியில் கையெழுத்து வாங்கி, மூன்றாம் நடையில் கொடுத்தேன். ரசீது தந்தார்கள், அது நல்ல விஷயம். இறுதிப் பட்டியலில் என் பெயரை ஒரு எழுத்துப் பிழையோடு பார்த்தபோது, பிழையாகவாவது வந்ததே என்று இருந்தது.

என் கணவருக்கு இதெல்லாம் வேடிக்கை. ஐ.டி.ஐ. ஃபிட்டர். பீன்யாவில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார், நான்கு பேருக்கு வேலை கொடுக்கிறார். அவருக்கு இந்த ஓட்டு கிடையாது. "ஜி.எஸ்.டி. கட்டும்போது எவனும் டிகிரி கேக்கலையே" என்றார். என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. அரசியலமைப்பின் 171-ஆவது பிரிவில் பட்டதாரிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று எழுதிவைத்த காலத்தில் ஊருக்கு நான்கு பட்டதாரிகள் இருந்திருப்பார்கள். இன்று எங்கள் அபார்ட்மென்ட்டில் டிகிரி இல்லாத வீட்டைத் தேட வேண்டும். அப்படித் தேடினால் கிடைப்பது வாட்ச்மேன் வீடும் எங்கள் வீட்டின் பாதியும்.

ஓட்டு நாள் திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு, பெங்களூரில் கொட்டிய மழை 111 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் ஒரே நாளில் பெய்த மழையில் 133 வருட ரெக்கார்டு உடைந்தது என்று பேப்பரில் போட்டார்கள். காலையில் தெருவெல்லாம் முறிந்த கிளைகள். கணவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார், வாசலில் காத்திருந்தார். மறுநாள் லோக்சபா ஓட்டு எண்ணிக்கை என்பதால் ஊர் பேச்செல்லாம் அதிலேயே. எங்கள் தேர்தலை யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு முன்னால் வரிசையில் ஆறு பேர்.

உள்ளே போனதும் என் மனசு மாறிவிட்டது. மெஷின் இல்லை, பீப் சத்தம் இல்லை. காகித வாக்குச்சீட்டு. கட்சிச் சின்னம் கிடையாது. வேட்பாளர் பெயர், போட்டோ, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம். வயலட் ஸ்கெட்ச் பேனா ஒன்றைக் கையில் கொடுக்கிறார்கள். அதைத் தவிர வேறு பேனா தொடக் கூடாது. பிடித்தவருக்கு 1, அவர் இல்லையென்றால் யார் என்பதற்கு 2, அப்புறம் 3, இப்படி எத்தனை வேண்டுமானாலும். 1 மட்டும் கட்டாயம். எண்ணும்போது செல்லும் ஓட்டில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு கிடைத்தால் ஜெயம். யாருக்கும் வரவில்லையென்றால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளில் 2 யாருக்கு இருக்கிறதோ அவருக்கு மாற்றுகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெயிக்க முடியாது என்று தெரிந்த ஒருவருக்குத் தயங்காமல் 1 போட்டேன். ஓட்டு வீணாகிவிடுமே என்ற பயம் இல்லை, என் 2 போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும். வழக்கமாக யார் வரக்கூடாது என்று பார்த்து ஓட்டுப் போட்டே பழகிய எனக்கு இது பெரிய சௌகரியம்.

இன்னொரு ரகசியம். அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருக்கும் மொழிகளின் எண்களிலும் எழுதலாம் என்று விதியில் இருக்கிறது. அதாவது தமிழ் எண் ௧ செல்லும். ஒரு நிமிடம் கை துறுதுறுத்தது. எண்ணும் மேஜையில் இருப்பவர் அதைக் கிறுக்கல் என்று தள்ளிவிட்டால்? மூன்று நடை வீண். சாதா 1 போட்டேன்.

பயம் சும்மா இல்லை. டிக் அடிப்பது, கையெழுத்துப் போடுவது, இரண்டு பேருக்கு 1 போடுவது, எல்லாம் செல்லாத ஓட்டு. 2025-ல் தெலங்கானாவில் கரீம்நகர் வட்டாரப் பட்டதாரிகள் தொகுதியில் 28 ஆயிரத்துக்கும் மேல் செல்லாதவை. எல்லாரும் டிகிரி வாங்கியவர்கள்! இந்த முறைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 2021-ல் ஹைதராபாத் பட்டதாரிகள் தொகுதியில் 93 பேர் நின்று, வாக்குச்சீட்டு செய்தித்தாள் அகலத்துக்குப் போய், எண்ணி முடிக்க நாள் கணக்கில் ஆனது. எங்கள் சீட்டு அந்த அளவுக்கு இல்லை, ஒரு மடிப்பு மடித்துப் பெட்டியில் போட்டேன். உள்ளே இருந்த பெண் அதிகாரி, மை உலரும் வரை சீட்டைக் கொஞ்சம் விரித்துப் பிடியுங்கள் என்று தானாகவே சொன்னார். அந்த ஐந்து ஸ்டாரில் ஒன்று அவருக்கு.

காங்கிரஸின் ராமோஜி கவுடா ஜெயித்தார், ஏற்கெனவே உறுப்பினராக இருந்த பா.ஜ.க.வின் அ.தேவேகவுடா தோற்றார். என் 1 எங்கே போனது என்று சொல்ல மாட்டேன். வெளியே வந்ததும் கணவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே, "மேடம், நம்ம வீட்டு மேலவை முடிஞ்சுதா?" என்றார். அப்பாவுக்கு போன் போட்டேன். பேனா என்ன கலர் என்றுதான் முதலில் கேட்டார்.

உறுப்பினர் பதவி ஆறு வருடம், அடுத்த தேர்தல் 2030-ல். பட்டியலுக்கு 2029 அக்டோபரிலேயே கண் வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் இருக்கும் நம் ஊர்ப் பெண்கள் இனிஷியல் பஞ்சாயத்துக்காகக் கல்யாணச் சான்றிதழை முதல் நடையிலேயே கொண்டு போய்விடுங்கள். கெஜட்டட் கையெழுத்தோடு என்னிடம் மூன்று பிரதி மிச்சம் இருக்கிறது. பீரோவில் கேஸ் புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன்.