யாகுஷிமா: மியானோஊரா சிகரத்துக்கு ஒருநாள் மலையேற்றம்

ஜப்பானின் கியூஷுவுக்குத் தெற்கே உள்ள யாகுஷிமா தீவில், 1,936 மீட்டர் உயரமுள்ள மியானோஊரா சிகரத்துக்கு வழிகாட்டியுடன் ஒரே நாளில் ஏறி இறங்கும் பயணத்தில் கலந்துகொண்டேன். விடியுமுன் தங்குமிடத்துக்கே வண்டி வந்தது. யோதோகாவா என்னும் மலைப்பாதைத் தொடக்கத்தில் தொடங்கிய நடை, ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் அங்கேயே முடிந்தது. அவ்வளவு அதிகாலையில் பேருந்து இல்லாததால் அந்த வண்டி பேருதவி.

முதல் ஒரு மணி நேரக் காடுதான் இப்பயணத்தின் உயிர். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த சுகி என்னும் ஊசியிலை மரங்களை மட்டுமே இங்கு யாகுசுகி என்கிறார்கள். கருங்கல்லின்மேல் படிந்த சத்துக் குறைந்த மண்ணில் அவை மிக மெதுவாக வளர்வதால், வளையங்கள் நெருங்கி, பிசின் மிகுந்து, மரம் எளிதில் உளுத்துப்போவதில்லை. 17ஆம் நூற்றாண்டில் தொடங்கி, கூரை வேயும் பலகைகளுக்காக இத்தீவில் வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகள் இன்னும் மக்காமல் பாசி போர்த்து நிற்பதையும், அவற்றின்மேலேயே விதை விழுந்து அடுத்த தலைமுறை வேரூன்றுவதையும் வழிகாட்டி அவசரமின்றி விளக்கினார். கோணலும் முடிச்சுமாக வளர்ந்ததால் பலகைக்கு உதவாது என்று விடப்பட்டவையே இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் முதுமரங்கள் என்று அவர் சொன்ன பிறகு, நேரான மரம் எதையும் என் கண் தேடவில்லை.

ஹனானோஎகோ சதுப்பு நிலத்தைத் தாண்டியதும் பெருமரங்கள் ஒழிந்து, இடுப்பளவு குட்டை மூங்கிலும் வழுவழுப்பான கருங்கல்லும் மட்டுமே எஞ்சின. உச்சியில் பத்தடி தள்ளி நின்றவரின் முகம்கூடத் தெரியாத மூடுபனி. கடலைக் காணவில்லை என்று சிலர் வருந்தினர். எனக்கு அந்த வருத்தம் இல்லை, ஏனெனில் கீழே காட்டில் ஒவ்வொரு பாசியையும் நனைத்து வைத்திருக்கும் ஈரத்துக்குள்ளேயே அப்போது நின்றுகொண்டிருந்தேன்.

குறைகள் இரண்டு. பயண ஏற்பாட்டாளர்கள் வாடகைக்குக் கொடுத்த மழைச்சட்டை தையல் வழியே ஒழுகி, இறங்கும்போது உடல் நடுங்கியது. மழைக்குப் பேர்போன தீவில் இது சிறு பிழை அன்று. யோதோகாவா குடிலுக்கு மேலே கழிப்பறை இல்லை, கழிவைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற நல்ல நடைமுறையையும் புறப்படும் இடத்தில்தான் சொன்னார்கள். முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும்.

வழிகாட்டிக்காகவும் காட்டுக்காகவும் இப்பயணத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன். மழையுடையை மட்டும் சொந்தமாக எடுத்துச் செல்லுங்கள். பிடிப்புள்ள காலணி இல்லாதவர்கள் சதுப்பு நிலத்தோடு திரும்பிவிடுவது நல்லது.