கடற்பாசி கேப்சூல்: டப்பாவில் எல்லாம் இருக்கிறது, அயோடின் அளவு மட்டும் இல்லை

மூட்டுவலிக்கு நல்லது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் அம்மாவுக்கு ஃபியூகாய்டன் (பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிற பொருள்) கேப்சூல் ஒரு டப்பா வாங்கினேன். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், அயோடின் அதிகமானால் தைராய்டைப் பாதிக்கலாம், அதனால் நான் முதலில் தேடியது ஒரு கேப்சூலில் அயோடின் எவ்வளவு என்பதைத்தான். டப்பாவில் எங்கேயுமே இல்லை. மெயில் போட்டுக் கேட்டால், "முழுக்க இயற்கையானது, பயப்பட வேண்டாம்" என்று பதில் வருகிறது.

இயற்கையானது என்பதால்தானே கேட்கிறேன்! அயோடினையே 1811இல் கடற்பாசிச் சாம்பலிலிருந்துதான் கண்டுபிடித்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். உலர்ந்த கெல்ப் பாசி ஒரு கிராமிலேயே அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். சாறு எடுக்கும்போது எவ்வளவு நீக்கினார்கள் என்று சொன்னால்தான் தைராய்டு உள்ளவர் தைரியமாக வாயில் போட முடியும்.

அப்புறம், எந்தப் பாசி? "பழுப்புக் கடற்பாசி" என்று மட்டும் போட்டிருக்கிறது. மொசுகு, வக்காமே, பிளாடர்ராக் எல்லாமே பழுப்புப் பாசிகள்தான், ஆனால் ஒவ்வொன்றின் ஃபியூகாய்டனும் அமைப்பிலேயே வேறு.

ஃபியூகாய்டனை நான் குறை சொல்லவில்லை. 1913இல் கைலின் என்ற விஞ்ஞானி பிரித்தெடுத்த, பாசியின் வழவழப்பில் இருக்கிற சல்ஃபேட் சேர்ந்த சர்க்கரைச் சங்கிலி அது. ஆய்வகத்தில் வீக்கத்தைக் குறைக்கிறது, புற்றுநோய்ச் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது, ஹெப்பாரின் மருந்து மாதிரி ரத்தம் உறைவதையும் தாமதப்படுத்துகிறது. ஆனால் அது பெரிய மூலக்கூறு, விழுங்கினால் குடல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் பெரும்பாலும் சிறியவை. இதை வைத்துக்கொண்டு விளம்பரத்தில் "கட்டியைக் கரைக்கும்" என்று எழுதுவதைப் பார்த்தால் கோபம் வருகிறது, நோயோடு போராடுகிறவர்கள் நம்பி வாங்குவார்களே. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, அந்த எச்சரிக்கையும் டப்பாவில் இல்லை.

கடற்பாசியிலிருந்து வந்து உண்மையிலேயே வேலை செய்கிற மருந்து வேண்டுமானால், நெஞ்செரிச்சலுக்குக் கொடுக்கிற ஆல்ஜினேட் சிரப்பைச் சொல்வேன். வயிற்று அமிலம் பட்டதும் ஜெல்லாகி, மேலே தெப்பம் மாதிரி மிதந்து, அமிலம் தொண்டைக்கு ஏறாமல் தடுக்கிறது. அப்பாவுக்கு ராத்திரித் தூக்கம் திரும்பியது அதனால்தான்.

கேப்சூலுக்கு 5க்கு 1, அதுவும் டப்பா சீல் ஒழுங்காக இருந்ததற்கு. அம்மாவின் டாக்டரிடம் காட்டினேன், அளவு தெரியாமல் வேண்டாம் என்றார். சீலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன்.