100 மி.மீ. மேக்ரோ லென்ஸ்: கொமோடோ டிராகனும் அரிசி வண்டும்

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சின்னப் பொருளை நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) வாங்குகிறவர்கள் பலரும் பூச்சியை நினைத்துத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அது அலட்டிக்கொள்ளாமல் எடுப்பது பெரிய பல்லியைத்தான். பூச்சியிடம் போனால்தான் திணறல்.

இரண்டரை மீட்டர் கொமோடோ டிராகன் முழு உடலும் பக்கவாட்டில் வர, ஃபுல் ஃபிரேம் கேமராவில் (படம் பதியும் சென்சார் 36 மி.மீ. அகலம் உள்ளது) 8 மீட்டர் தள்ளி நின்றால் போதும். லென்ஸ் துளையின் அளவு எஃப் 8 என்றால் (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) சுமார் 3 மீட்டர் ஆழத்துக்கு ஃபோகஸ் தாங்கும். மூக்கு முதல் வால் வரை தெளிவு. செதில்கள் பளபளக்காதவை என்பதால் ஃபிளாஷ் வேண்டாம். நடுப்பகலில் மட்டும் தரைச்சூட்டில் காற்று நெளிந்து செதில் விவரம் கரைந்துவிடும். அதற்கு லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை, காலையில் எடுக்க வேண்டும். முகத்தை நெருக்கமாக எடுக்க இந்த லென்ஸ் போதாது. கிட்டே போகும் ஆசையை விட்டுவிட்டு 300 மி.மீ.க்கு மேல் பாருங்கள்.

அரிசி வண்டின் நீளம் 3 மி.மீ.தான். லென்ஸின் உச்ச அளவான 1:1-இல்கூட (பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் நிலை) 36 மி.மீ. சென்சாரின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நிரம்பும். 24 மெகாபிக்சல் படத்தில் அது வெறும் 500 பிக்சல். அதே மெகாபிக்சல் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா (சென்சார் சிறியது) என்றால் 760-ஐத் தாண்டும்; வண்டுக்கு அதுவே மேல்.

ஃபோகஸ் ஆழம் எஃப் 8-இல் ஏறக்குறைய ஒரு மி.மீ.தான், வெட்டிப் பெரிதாக்கினால் அதிலும் கால்வாசி. மூக்கின் நுனி தெளிவாக இருந்தால் கண் மங்கும். எஃப் 16-க்கு மூடிப் பயனில்லை: 1:1-இல் அது எஃப் 32 போல நடந்து மொத்தப் படத்தையும் மழுங்கடிக்கும். எஃப் 5.6 வைத்து, 0.1 மி.மீ. இடைவெளியில் 12, 15 படம் எடுத்து, அவற்றின் தெளிவான பகுதிகளை மென்பொருளில் ஒரே படமாக அடுக்குவதே வழி. இடையில் வண்டு உணர்கொம்பை அசைத்தால் அடுக்கிய படத்தில் கொம்பு இரட்டையாகத் தெரியும். மெல்லத் தொட்டால் காலை மடக்கிச் செத்ததுபோல் கிடக்கும், அந்த இடைவெளியைப் பயன்படுத்துங்கள்.

ஆட்டோஃபோகஸ் இங்கே முன்னும் பின்னும் அலையும். அணைத்துவிட்டு, ஃபோகஸிங் ரெயிலில் (கேமராவை நுணுக்கமாக முன்பின் தள்ளும் தண்டவாளம்) கேமராவையே நகர்த்துங்கள். சிறகுறை மினுங்குவதால் ஃபிளாஷுக்கு முன் டிஃபியூசர் (ஒளியை மென்மையாக்கும் திரை) கட்டாயம். லென்ஸ் ஹூடை (லென்ஸ் முனையில் மாட்டும் நிழல் வளையம்) கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதன் நிழலே வண்டின் மேல் விழும்.