குழந்தையின் வென்டிலேட்டரை நிறுத்தும் முடிவு யாருடையது? பெற்றோர், டாக்டர், கமிட்டி, நீதிமன்றம்: ஓர் ஒப்பீடு

குணப்படுத்த வழியில்லாத நோயோடு ஒரு குழந்தை ஐசியூவில் கிடக்கிறது. மூச்சை வென்டிலேட்டர் பார்த்துக்கொள்கிறது. "இதற்கு மேல் தொடர்ந்தால் குழந்தைக்கு வேதனைதான் மிச்சம், நிறுத்திவிடலாம்" என்கிறார் டாக்டர். "முடியாது, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்கிறார்கள் அம்மாவும் அப்பாவும். யார் சொல்வது செல்லும்?

பெரியவர்கள் விஷயத்தில் ஓரளவுக்காவது பிடிமானம் உண்டு. அவர் எழுதி வைத்திருக்கலாம், எப்போதோ வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், அவர் வாழ்ந்த விதத்தை வைத்து ஊகிக்கலாம். எட்டு மாதக் குழந்தையிடம் அப்படி எதுவும் கிடையாது. அதற்காகப் பேச வேறு யாராவது வேண்டும். அந்த 'வேறு யாராவது' யார் என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம்.

பெரும்பாலான குடும்பங்களில் டாக்டரும் பெற்றோரும் பேசிப் பேசி ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சட்டம் பக்கமே போவதில்லை. ஆகவே ஒரு முறை நல்லதா கெட்டதா என்று எடைபோட, இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் நிற்கும் நாளில் அது என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

உயிர்காக்கும் சிகிச்சை என்றால் என்ன என்பதையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்துவிடலாம். வாய் வழியாக இறங்கி மூச்சுக்குழாயில் நிற்கும் ஒரு டியூப். அது நழுவாமலிருக்கக் கன்னத்தில் பிளாஸ்திரி. சளி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, அவ்வப்போது மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். அந்தச் சில நொடிகளில் குழந்தை இருமும், ஆக்சிஜன் அளவு இறங்கும், முகம் கன்றிப்போகும். ரத்தம் எடுக்கக் குதிகாலில் ஊசி. இதையெல்லாம் தாங்கிக்கொள்ளத் தூக்க மருந்து. தேறி வரப்போகிற குழந்தைக்கு இது சில நாள் கஷ்டம். தேறவே முடியாத குழந்தைக்கு இதுதான் வாழ்க்கை முழுவதும். டாக்டரின் தயக்கம் இங்கேதான் பிறக்கிறது. அதே குழந்தையின் உள்ளங்கையில் விரலை வைத்தால் பற்றிக்கொள்கிறது. பெற்றோரின் நம்பிக்கையும் அங்கேதான் பிறக்கிறது.

(மூளைச்சாவு வேறு விஷயம். அங்கே மரணம் நேர்ந்துவிட்டதா என்பதே கேள்வி. இங்கே பேசுவது உயிரோடு இருக்கும் குழந்தையைப் பற்றி மட்டும்.)

பெற்றோர் சொல்வதே முடிவு

கேட்டவுடன் சரியென்று தோன்றுவது இதுதான். பெற்றவர்களை விட யாருக்கு அக்கறை இருக்கப்போகிறது? நடந்த பிறகு அந்த இழப்போடு வாழப்போவதும் அவர்கள்தான்.

ஆனால் இது இரண்டு பக்கமும் பிசகியிருக்கிறது. 1982-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் குறைபாட்டோடு ஒரு குழந்தை பிறந்தது. உணவுக்குழாயில் அடைப்பு, அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது. பெற்றோர் வேண்டாம் என்றார்கள். நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. ஆறு நாளில் குழந்தை இறந்துபோனது. அது சாகும் நோயே அல்ல. அந்தக் கொந்தளிப்பில்தான் 1984-இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழந்தை வதைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, தேவையான சிகிச்சையைத் தராமலிருப்பதையும் அதற்குள் கொண்டுவந்தது. மீளா மயக்கத்தில் இருக்கும் குழந்தை, சாவைத் தள்ளிப்போடுவதைத் தவிர சிகிச்சையால் வேறு பயனில்லாத குழந்தை போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதற்கு நேர் எதிர், நீதிமன்ற ஆவணங்களில் 'பேபி கே' என்று குறிக்கப்படும் குழந்தை. 1992-இல் வர்ஜீனியாவில், மூளையின் பெரும்பகுதி இல்லாமலே பிறந்தது. மூச்சுத் திணறும்போதெல்லாம் வென்டிலேட்டர் வைத்தே ஆகவேண்டும் என்று அம்மா உறுதியாக நின்றார். பயனில்லை என்று மருத்துவமனை வழக்குப் போட்டது. அவசர சிகிச்சைச் சட்டத்தின்படி மூச்சைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்று 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. குழந்தை இரண்டரை ஆண்டு உயிரோடு இருந்தது. அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். வலி உணர்வே இல்லை என்று கருதப்பட்ட குழந்தை அது. வலி இருக்கும் குழந்தைக்கும் இதே விதியை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம்.

டாக்டர் சொல்வதே முடிவு

பிரான்ஸ் ஏறத்தாழ இந்தப் பக்கம் நிற்கிறது. 2005-இல் வந்து 2016-இல் விரிவாக்கப்பட்ட சட்டத்தின்படி, நோயாளியால் சொல்ல முடியாத நிலையில், மற்ற மருத்துவர்களோடு கலந்து பேசி, சிகிச்சை அளிக்கும் டாக்டர்தான் முடிவெடுக்கிறார். பெற்றோரின் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆனால் அவர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கேட்க அதிகாரத் திமிர் மாதிரி இருக்கும். இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை நான் மதிக்கிறேன். "என் பிள்ளைக்கு மூச்சை நிறுத்தச் சொன்னது நான்தான்" என்ற எண்ணத்தோடு ஒரு தாயோ தகப்பனோ மிச்ச வாழ்நாளைக் கழிக்கக் கூடாது, அந்தப் பாரத்தை மருத்துவம் ஏற்றுக்கொள்ளட்டும் என்பதே அது. "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று படிவத்தை நீட்டுவது ஒன்று. "நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். நிறுத்துவதுதான் குழந்தைக்கு நல்லது என்று நினைக்கிறோம். உங்களுக்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், காத்திருக்கிறோம்" என்பது வேறு. இரண்டாவதில் பெற்றோர் சும்மா இருக்கலாம், அழலாம், தலையை மட்டும் அசைக்கலாம். யாரையும் சாகச் சொன்னதாக ஆகாது. எந்தச் சட்டம் இருக்கும் ஊரிலும் டாக்டர்கள் இந்த இரண்டாவது பேச்சைப் பழகிக்கொள்ளலாம்.

மறுப்பு இருந்தால்? பிரான்ஸின் மார்செய் நகரில் அதுதான் நடந்தது. வைரஸ் தாக்கி மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு வயதுக் குழந்தைக்கு வென்டிலேட்டரை நிறுத்த டாக்டர்கள் முடிவெடுத்தார்கள். பெற்றோர் எதிர்த்து வழக்காடினார்கள். 2017 மார்ச்சில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், சிகிச்சையைத் தொடரச் சொன்னது. பெற்றோரின் கருத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் வந்தது. ஆக, டாக்டரே முடிவெடுக்கும் முறையும் முட்டிக்கொண்டால் கோர்ட்டில்தான் போய் நிற்கிறது.

கமிட்டி

டெக்சாஸ் மாநிலம் 1999-இல் ஒரு வழி கண்டுபிடித்தது. டாக்டருக்கும் குடும்பத்துக்கும் ஒத்துவரவில்லை என்றால் மருத்துவமனையின் நெறிமுறைக் கமிட்டி கூடும். டாக்டர் சொல்வது சரி என்று கமிட்டி சொல்லிவிட்டால், குடும்பத்துக்கு 10 நாள் கெடு. அதற்குள் வேறு மருத்துவமனை ஏற்றுக்கொள்ளாவிட்டால் சிகிச்சையை நிறுத்தலாம். 2023-இல் கெடுவை 25 நாளாக்கினார்கள்.

இந்த நான்கில் எனக்கு அறவே பிடிக்காதது இதுதான். கமிட்டியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள். குடும்பம் கோர்ட்டுக்குப் போனாலும், வேறு மருத்துவமனை கிடைக்க வாய்ப்பிருக்கிறதா என்பதைப் பார்த்துக் கெடுவை நீட்டிக்க மட்டுமே சட்டம் வழி வைத்திருந்தது. எடுத்த முடிவு சரியா என்று அது கேட்கவில்லை. 2019-இல் ஒன்பது மாதக் குழந்தைக்குக் கெடு முடிந்தபோது, நீதிமன்றம் தலையிட்டு நிறுத்திவைத்தது. குழந்தை வலியில் துடிக்கிறது, தேறாது என்றே டாக்டர்கள் சொல்லிவந்தார்கள். 2022 ஏப்ரலில் அந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது. டாக்டர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று தெரிந்ததை வைத்துச் சொன்னார்கள். ஆனால் அன்று தெரிந்ததைச் சரிபார்க்க வெளியாள் ஒருவர்கூட அந்த முறைக்குள் இல்லையே.

இந்தியாவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் வகுத்து 2023-இல் எளிதாக்கிய நடைமுறையிலும் குழு உண்டு. சிகிச்சை தரும் டாக்டரும் இரண்டு நிபுணர்களும் முதல் குழு. இரண்டாவது குழுவில், மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் வெளி டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் இது நகராது. ஒத்துப்போனவர்களுக்கு நல்ல வழிதான். பெற்றோர் மறுத்தால் என்ன செய்வது என்பதற்கு இதில் பெரிதாக விடையில்லை.

நீதிமன்றம்

பிரிட்டனில் ஒத்துப்போகாத வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. குழந்தைக்கென்று தனியாக ஒரு காப்பாளரை நீதிமன்றம் நியமிக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்: குழந்தைக்காக மட்டும் பேச ஓர் ஆள்.

உலகமே பார்த்த வழக்கு சார்லி கார்டுடையது. 2016 ஆகஸ்டில் பிறந்தான். உடலின் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்கும் அபூர்வ மரபணு நோய். லண்டன் மருத்துவமனை வென்டிலேட்டரை நிறுத்த அனுமதி கேட்டது. பெற்றோர் அமெரிக்காவில் ஒரு பரிசோதனைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். 13 லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்திருந்தது. பணம் இருக்கிறது, ஏற்றுக்கொள்ள ஆள் இருக்கிறது, பிறகு ஏன் விடவில்லை என்று பலரும் கோபப்பட்டார்கள். 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மருத்துவமனையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என்று போய், ஜூலை 24-இல் பெற்றோரே விட்டுக்கொடுத்தார்கள். நான்கு நாளில் அவன் இறந்தான். முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

இன்னொரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019-இல், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட ஐந்து வயதுச் சிறுமி. அங்கேயும் மருத்துவமனை நிறுத்தக் கேட்டது. பெற்றோர் இத்தாலியின் ஜெனோவாவுக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். நீதிபதி அனுமதித்தார். சில மாதங்களில் அவள் அங்கே ஐசியூவை விட்டு வெளியே வந்தாள். ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு தீர்ப்பு. சார்லிக்கு வலி இருக்கலாம், சிகிச்சையால் பயன் வராது என்று நீதிமன்றம் கருதியது. சிறுமிக்கு வலி இல்லை என்பதை டாக்டர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். தேறிவிடுவாள் என்று யாரும் சொல்லவில்லை. வழக்கின் போக்கைத் தீர்மானித்ததில் நம்பிக்கையை விட வலிக்குத்தான் கனம் அதிகம்.

பிரிட்டிஷ் முறையோடு எனக்கு ஒத்துப்போகாத இடம் அதன் அளவுகோல். குழந்தைக்கு எது மிக நல்லது என்று நீதிபதி கேட்கிறார். பெற்றோர் எடுத்த முடிவு குழந்தைக்குக் கடும் தீங்கு செய்கிறதா என்று மட்டும் கேட்டால் போதும் என்பது சார்லியின் பெற்றோர் தரப்பு வாதம். அது ஏற்கப்படவில்லை. எனக்கு அந்த வாதம்தான் நியாயமாகப் படுகிறது. தீங்கில்லாத இடத்தில் பெற்றவர்களை விலக்கிவிட்டு ஒரு நீதிபதி வந்து முடிவெடுக்க எந்தத் தேவையும் இல்லை. சார்லியின் வழக்கில் தீங்கு உண்டு என்றே நீதிமன்றங்கள் பார்த்ததால், அளவுகோலை மாற்றியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. மற்ற குடும்பங்களுக்கு மாறும்.

இன்னொரு குறை, காலம். கோர்ட் படியேறும் மாதங்களில் குழந்தை அதே டியூபோடு கிடக்கிறது. பெற்றோர் பிள்ளையின் கட்டிலுக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் இடையே ஓடுகிறார்கள். இந்த மாதிரி எல்லா வழக்கிலும் முதலில் சமரசப் பேச்சு நடத்திப் பார்க்க வேண்டும் என்று சார்லி வழக்கின் நீதிபதியே தன் தீர்ப்பில் எழுதினார்.

பணமும், குழந்தையும்

சட்டத்தில் எழுதாத ஐந்தாவது தரப்பு பணம். ஐசியூ செலவைக் குடும்பமே கட்ட வேண்டிய இடங்களில், மேலே சொன்ன விவாதம் எதுவும் நடப்பதேயில்லை. கையிருப்பு தீர்ந்த அன்று டாக்டர் சொல்லை மீறிக் கூட்டிப்போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் பெற்றோரின் சம்மதம் என்று யாரும் சொல்லக் கூடாது.

பேசத் தெரிந்த வயது என்றால், குழந்தையையே கேட்க வேண்டும். நெதர்லாந்தில் 16 வயதானவர் தன் சிகிச்சையைத் தானே தீர்மானிக்கலாம். 12-இலிருந்து அந்த வயது வரை பெற்றோரோடு சேர்ந்து. 2008-இல் இங்கிலாந்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இதய மாற்று சிகிச்சை வேண்டாம் என்றாள். மருத்துவமனை வழக்குத் தொடரப் பார்த்தது. அவளிடம் நேரில் பேசிய பிறகு விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவளே மனம் மாறி அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தாள். 'குழந்தைக்கு என்ன தெரியும்' என்று தள்ளுபவர்களிடம் நான் காட்டுவது இந்தச் சிறுமியைத்தான்.

என் தேர்வு

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பெற்றோரும் டாக்டரும் சேர்ந்து எடுப்பதே முதல் வழி. பேச்சு இறுகத் தொடங்கிய உடனேயே, வேறு மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டரை அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும்; அதைக் குடும்பமே போராடிப் பெற வேண்டியதாக இருக்கக் கூடாது. அப்புறம் நடுநிலையான சமரசப் பேச்சாளர். கமிட்டி ஆலோசனை சொல்லலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதுவும் முடியவில்லை என்றால் நீதிபதி: குழந்தைக்குத் தனிக் காப்பாளரோடு, கடும் தீங்கு என்ற அளவுகோலோடு, மாதக்கணக்கில் இழுக்காத கால வரம்போடு. வலி கூடாமல் கொண்டுபோக முடிந்து, ஏற்றுக்கொள்ள நல்ல மருத்துவமனை தயாராக இருந்தால், போக விட்டுவிட வேண்டும்.

நிறுத்துவது என்று முடிவாகிவிட்டாலும் ஒரு தகராறு மிச்சமிருக்கிறது. சார்லியின் பெற்றோர் கடைசியில் அவனை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்டார்கள். வென்டிலேட்டரோடு அங்கே பார்த்துக்கொள்வது நடக்காது என்று மருத்துவமனை சொல்ல, அதற்கும் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் குழந்தைகளுக்கான ஹாஸ்பிஸ் ஒன்றில், அதாவது இறுதி நாட்களில் பராமரிக்கும் இல்லத்தில், முடிந்தது. எங்கே, எந்த நாளில், யார் யார் உடனிருக்க என்பதைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டு, அதற்கு வேண்டிய நர்சையும் கையடக்க வென்டிலேட்டரையும் வலி மருந்தையும் ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் வேலை என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும்.